புதன்கிழமையை எடுத்து வைத்தவனுக்கு

வயலின் வில்லில் தேய்க்கும் பிசின் கட்டி இன்று கைதவறி விழுந்து நொறுங்கியது. புகை போட்ட ரப்பர் ஷீட் வாடை எப்போதும் நிறைந்திருக்கும் என் கடையில் திடீரென்று வேறொரு மணம். தூளைக் கூட்டி எடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து நிற்பது போலிருந்தது.

வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, குலசேகரத்தில் என் கடைக்குப் பக்கத்தில் நீ பைக் ஒர்க்‌ஷாப் போட்டபோது, நம் இருவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. வயலின் படிக்கலாம் என்றாய். நான் சிரித்தேன். “நேரம் கெடச்சா பாப்போம்.”

அந்த ஞாயிறே, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு வந்து டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்தாய். திங்கள் எனக்கு லோடு ஏற்ற வேண்டும். செவ்வாய் பாங்கு. வியாழன் முதல் ஷீட் வந்து குவியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாய்: “மிச்சம் வாற நேரத்தில படிக்கலாம்ணு இருந்தா மிச்சமே வராது மக்கா. மொதல்ல புதன் மத்தியானத்த எடுத்து வை. மத்த வேலைய பொறவு அடுக்கு.”

அதன்பின் ஞாயிறுதோறும் அந்தப் பெஞ்சில் வாரத்தை அடுக்கினோம். புதனன்று கல்யாணம் குறுக்கே வந்தால் வேறொரு மத்தியானத்தைத் தேடிப் பிடிப்பாய். கைவிட மட்டும் மாட்டாய்.

எனக்கோ கூச்சம் பிடுங்கித் தின்றது. நரைத்த மீசைக்குக் கீழே வயலினை இடுக்கிக்கொண்டு, செல்போனைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைப் பாடம் வாசிக்கிற என்னை மருமகன் பார்த்தால் என்ன நினைப்பார்? நாம் இருவரும் வாசிக்க உட்காரும் கடையின் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வில்லை எடுப்பேன்.

ஒருநாள் ஷீட் கொண்டுவந்த பெரியவர் வெளியிலிருந்து கேட்டார்.

“உள்ள என்ன, பூனை குட்டி போட்டிருக்கா?”

நான் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். நீ கதவைத் திறந்து வயலினோடு போய் நின்றாய். “பூனை இல்ல பாட்டா, நாங்கதான். படிச்சிட்டு இருக்கோம்.”

அவர் சிரித்த சிரிப்பு முக்கு வரை கேட்டிருக்கும். “நாணக்கேடா இருக்குலே” என்று உன்மேல் பாய்ந்தேன்.

“இருக்கட்டும். நாணக்கேட்டோட வாசி” என்றாய்.

ஒரே ஒரு மாதா பாட்டு மட்டும் ஓரளவு கைக்கு வந்த நேரத்தில், ஒர்க்‌ஷாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் நினைவுப் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது உன் மனைவி என்னிடம் வந்தாள். “அண்ணே, அந்தப் பாட்ட ஒருக்கா வாசிப்பியளா?” உன் வயலின் அவள் கையில் இருந்தது. கோயிலில் பாடுகிறவர்கள், கீபோர்டு வாசிக்கிறவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிவிடலாமா என்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

பாதியில் வில் வழுக்கியது. சுரம் கிறீச்சிட்டது. யாரோ இருமுவது போல் சிரிப்பை அடக்கினார்கள். என் முகம் எரிந்தது. நிறுத்திவிட்டேன்.

அப்போது உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “மாமா, அப்பாவுக்கும் இந்த எடத்திலதான் தெத்தும்.”

முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் மறுபடியும் தப்பியது. இந்த முறை நிறுத்தாமல் முடித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்வரை யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

உன் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் வாரத்தை அடுக்குகிறேன், முதலில் புதனை எடுத்து வைத்துவிட்டு. வாசிக்க உட்கார்ந்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அது ஆறட்டும் என்று நான் காத்திருப்பதில்லை.