கண்ணகியின் கைக்கு ஒரு பிடி

கச்சிராயபாளையம்
8.10.87

அன்பு மகள் கண்ணகிக்கு அப்பா ராஜாங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தம்பி தீனதயாளன், இரண்டு மாடுகள், எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே டில்லியில் நீயும், முக்கியமாக உன் வலது கையும், எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வலது கையை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும், தெரிந்ததும் சிரிப்பாய், சிரி, இந்த வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள், நீ ஒருத்திதான் பாக்கி.

உன் கடிதமும் சின்னப் பார்சலும் ஆவணிக் கடைசியிலேயே வந்துவிட்டன. பதிலுக்கு இத்தனை நாள் ஆனதற்குப் பாதி காரணம் மறியல், மீதிக் காரணம் நான். பேப்பரில் பார்த்திருப்பாய், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டு, பஸ் இல்லை, தபால் இல்லை, காலையில் எழுந்தால் லாரிச் சத்தமே இல்லாமல் குயில் கூவுவது கோமுகி அணை வரைக்கும் கேட்டது. தயாளனுக்குக் காலேஜில் ஒரு சீட்டுக் கிடைக்காதா என்ற ஆசையில் நானும் ஒரு நாள் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். நல்ல புளியமரத்து நிழலாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன், மத்தியானம் அந்த மரத்தையே வெட்டிவிட்டார்கள், அப்புறம் வெயில்தான். பக்கத்தில் இருந்த செல்லமுத்து, "உம் மவ போலீசு, நீ ரோட்டுல குந்திகினு இருக்க, நாளைக்கு அவளே வந்து உன்னத் தூக்கி வேன்ல போடப் போறா பாரு" என்றான். என் மகள் தூக்கினால் நோகாமல் தூக்குவாள், உன்னைத் தூக்குகிறவன்தான் யாரோ என்றேன். ஆனால் சில ஊர்களில் ஏழைகளின் குடிசைகள் எரிந்ததாகக் கேள்விப்பட்ட பிறகு மறுநாள் போக மனசு வரவில்லை, மாட்டுக்குப் புல் அறுக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டேன். கேட்டது நியாயம், எரித்தது நியாயமில்லை, இதைச் செல்லமுத்துவிடம் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். நீ போட்டிக்குச் சுடுகிற பிஸ்டல் உங்கள் படையினுடையது, அதன் மரப்பிடி யாரோ ஒரு பெரிய கைக்காரனுக்குச் செய்தது. அது உன் கையில் நிற்காமல் நகர்வதால் விசையை இழுக்கும்போது முனை ஒதுங்கி, குண்டு இடது பக்கம் எட்டு மார்க், ஏழு மார்க் வளையத்தில் போய் விழுகிறது. மொத்தம் நாற்பது குண்டு, ஒன்றுக்குப் பத்து மார்க்குக்கு மேல் கிடையாது, ஆக நானூறு. முன்னூற்று அறுபது வந்தால் டீமில் இடம், வராவிட்டால் மறுபடி கேட்டில் நின்று காவல். தேர்வு தீபாவளி கழித்து. உன் கைக்கு அளவாக ஊரிலேயே ஒரு பிடி செய்து அனுப்பச் சொல்லி, காகிதத்தில் உள்ளங்கையை வைத்துக் கோடு இழுத்து, உள்பக்கக் குடைவுக்கு மாதிரியாக ஒரு பழைய பிடியின் உடைந்த பாதியையும் வைத்திருந்தாய். கடைசியில், அதுவும் சரிவராவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் உன் அம்மா திரும்பப் படிக்கச் சொன்னாள். களமருதூரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருக்கிறார், ஐப்பசியில் பேசலாம் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் உன் அம்மாவுக்கு அந்த வரி பாயசம்.

மார்க் போடும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்து மீட்டர் தள்ளி ஒரு தாள், வளையத்துக்குள் வளையம், நடுவில் பத்தாம் வளையம் ஒரு சுண்டைக்காய் அளவு. குண்டு விழுந்த ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டுவிட்டாலே உள்வளையத்து மார்க் உண்டு என்றும், சந்தேகம் வந்தால் ஓட்டையில் ஒரு குச்சி மாதிரி அளவுகோலைச் செருகி லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். வரப்பைத் தொட்டாலே அந்தப் பக்கத்து நிலம் நமக்கு என்று இங்கேயும் ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் இந்நேரம் பண்ணையார். இன்னொன்றையும் எழுதியிருந்தாய், சுடும்போது தாளைப் பார்க்கக்கூடாது, பிஸ்டல் நுனியில் இருக்கிற சின்னக் குறிக்கட்டையைத்தான் பார்க்க வேண்டும், அது தெளிவாகத் தெரிந்தால் போதும், தாள் மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்று. நான் வாய்க்கால் கரையில் நின்று கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் கண்ணு. கொஞ்ச நேரத்தில் எதிரே கல்வராயன் மலை கரைந்து, நீலப் புகையாகி, அப்புறம் அது மலையா மேகமா என்றே தெரியவில்லை, கரும்புப் பூவெல்லாம் ஒரே வெள்ளை மூச்சு மாதிரி, என் நகம் மட்டும் அழுக்கோடு பளிச்சென்று இருந்தது. குறியைப் பார்க்காதே என்று சொல்கிற ஒரு விளையாட்டை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பார்த்துக்கொண்டே நிற்க நிற்க நீ அந்தப் புகைக்குள் எங்கேயோ நின்று இந்தப் பக்கம் பார்ப்பது போல ஒரு நினைப்பு, மடையைத் திறந்துவிட்டதே மறந்துபோய்ப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் நிரம்பிவிட்டது, அவர் வந்து நன்றி சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

பிடி வேலையை வீரமுத்து ஆசாரியிடம் கொடுத்தேன். ரோட்டில் சும்மா கிடக்கிற புளியங்கட்டையில் செய்யலாமே என்றதற்கு, "பச்ச மரம்யா, டில்லி போறதுக்குள்ள வெடிச்சிடும்" என்று திட்டிவிட்டு, நம் பழைய வண்டியிலிருந்து கழற்றிய வேங்கைக் கட்டையை எடுத்துக்கொண்டார். காகிதத்துக் கையை மட்டும் வைத்துச் செதுக்க முடியாது, சதையுள்ள கை ஒன்று வேண்டும் என்றார். உன் விரல் என் விரல் மாதிரி நீளம் என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிறவன் நான்தானே, என் கை இருக்கிறது என்று நீட்டினேன். நீ கோடு இழுத்த படத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. மெல்லிசுத் தாள், மை பின்பக்கமும் தெரிந்தது, திருப்பிப் போட்டு வைத்தேன், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் விலகியது, மற்றபடி அப்படியே பொருந்தியது. என் மகள் கை என் கைதான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறியலின் மிச்ச நாளெல்லாம் வீரமுத்து பட்டறையில்தான் இருந்தேன், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு மேடு, மணிக்கட்டை அணைத்துப் பிடிக்கக்கூடாது என்று நீ எழுதிய விதிப்படி அங்கே தாராளமாக வெட்டிவிட்டது. முடிந்ததும் பிடித்துப் பார்த்தேன், தூங்குகிற குழந்தை கையைப் பிடித்த மாதிரி இருந்தது.

மறியல் முடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்திராமல் சைக்கிளிலேயே கள்ளக்குறிச்சித் தபாலாபீசுக்குக் கிளம்பினேன். மரமெல்லாம் இன்னும் ரோட்டோரம் கிடந்தது, சில இடத்தில் குறுக்காகவே கிடந்தது, சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டினேன், நான் காவல் காத்த மரத்தையும் தாண்டினேன், அது என்னை அடையாளம் கண்டுகொண்டது போல ஒரு கிளை வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஊருக்கு முன்னால் பாலத்தில் போலீஸ் எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு ஒருவர் பையில் இன்னா என்றார். உன் அப்பனுக்கு அவசரத்தில் பொய் வராதே, பிடிங்க என்றேன். "இன்னா பிடி?" "துப்பாக்கிப் பிடிங்க." நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். "துப்பாக்கி எங்க?" "டில்லியிலங்க." "யாருகிட்ட?" "எம் பொண்ணுகிட்டங்க." ஏட்டு என்னை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்லி ஜீப் நிழலில் நிற்க வைத்தார், அது மரியாதையா கைதா என்று எனக்குப் புரியவில்லை. நீயும் போலீஸ்தான் என்று சொல்லி, உன் கடிதத்தை நீட்டி, நாற்பது குண்டு, சுண்டைக்காய், கோட்டைத் தொட்டால் மார்க், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "எங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா சுடச் சொல்றாங்க, எங்க பட்டுதுன்னு நாங்க பாக்கறதில்ல பெரியவரே, பட்டுதான்னுதான் பாக்கறது" என்று சொல்லிப் பிடியை ஆசையாக வாங்கிப் பிடித்தார். கையைக் கடிக்குது என்றார். விரல் பள்ளத்தில் உட்காரவில்லை, மேடு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இடது கையில் கச்சிதமாக உட்கார்ந்ததும் நிமிர்ந்து, "உம் பொண்ணு எடக்கையா?" என்று கேட்டார். இல்லீங்க, நான்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏட்டு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தொப்பி கழன்று விழுந்தது, அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த வழியே சைக்கிளைத் திருப்பினேன்.

உன் அம்மா சாதாரணமாக விடுவாளா. "சோறு துண்றதத் தவிர எல்லாத்துக்கும் எடக்கை, அந்தக் கையக் கொண்டுபோயி எம் பொண்ணுக்கு அளவு குடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்று ராத்திரி சாப்பாடு முடிகிற வரைக்கும் சொன்னாள். தயாளன் அந்தப் பிடியை எடுத்துத் தாத்தாவின் சொத்து மாதிரி மாடத்தில் வைத்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நாள் போய்விட்டது, வேங்கைக் கட்டையில் மிச்சம் இல்லை, நல்ல காய்ந்த மரம் தேடி எலவனாசூர்கோட்டை வரைக்கும் ஆள் அனுப்பியும் கிடைக்கவில்லை. இனிமேல் ஆகாது, உனக்கு எப்படி எழுதுவது என்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா உள்ளே போய்ப் பரண்மேல் ஏறி எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. உன் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய என்று மலையிலிருந்து வாங்கிக் காயப்போட்டிருந்த பலாக்கட்டை நான்கு உண்டு, கட்டில் கால்கள், என்னைத் தொடக்கூட விடமாட்டாள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டு, "ஆசாரிகிட்ட நான் போறேன், நீங்க வர வேணாம்" என்றாள். நான் போனேன், ஓரமாக நின்றேன்.

உன் படத்தை நேராகப் போட்டு அவள் தன் வலது கையை வைத்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது, சுண்டுவிரல் உள்பக்கம் வளைவது உட்பட. இத்தனை வருஷம் நான் என் கை என்று சொல்லிக்கொண்டு திரிந்தது அவள் கை. வீரமுத்து செதுக்கச் செதுக்க அவள் பிடித்துப் பார்த்து, இங்கே அழுத்துது, அங்கே எடுங்க என்று சொன்னாள். முடிந்த அன்று சாயங்காலம் பட்டறை வாசலில் நின்று, நீ எழுதியபடி ஒற்றைக் கையை நேராக நீட்டினாள். மஞ்சள் வெயில், தரை முழுக்கப் பலாச்செதுக்கு மஞ்சளாகவே கிடந்தது, எங்கே வெயில் முடிந்து எங்கே மரம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை, எதிரே மலை. அம்மா கையைக் கீழே போடுங்க, ஆச்சுது என்றார் வீரமுத்து. அவள் போடவில்லை. கொஞ்சம் நடுங்கியது, பிறகு நின்றது. "இப்பிடியே நாப்பது தபா தூக்கணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "புடி சரியில்லாமயா இத்தினி நாளு தூக்கிகினு இருந்தா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், வந்துவிடட்டுமா என்று நீ கேட்டதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். களமருதூர்க்காரர்களுக்கு இப்போது வேண்டாம் என்று காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டாளாம், எனக்கு அதுவே அப்போதுதான் தெரியும். இந்தப் பிடியையும் கடிதத்தையும் ஒன்றாகக் கட்டித் தயாளனிடம் நாளைக் காலை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறோம், பிடியை அவனும் வலது கையில் பிடித்துப் பார்த்துவிட்டான், ஊரில் வலது கை உள்ள அத்தனை பேரும் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். உள்ளங்கை மேட்டில் கொஞ்சம் சதை கூடவே விட்டிருக்கிறது, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துக்கொள், எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது, ஆகவே நிதானம். திருகாணியை ஒரேயடியாக முடுக்காதே. டில்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும், கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொள். எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா சொல்லச் சொன்னதை அவள் வாய்ப்படியே எழுதிவிடுகிறேன், மாற்றினால் திட்டுவாள்: "வந்துடட்டுமான்னு கேட்டா இல்ல, சுட்டுட்டு வரச் சொல்லுங்க. ஜாஸ்தியோ கம்மியோ, நாப்பதையும் சுட்டுட்டு வரட்டும். கட்டிலுக்கு மூணு காலு இருக்குது, நாலாவது காலுக்கு மரம் எப்ப வேணா கெடைக்கும்."

இப்படிக்கு
உன் அப்பா
ராஜாங்கம்