அருள் பேரைச் சொல்லக் கூடாது

3.3.2006, வெள்ளி. புஜைரா, அமீரகம்.
புழுதிக் காற்று, கல் உடைக்கும் மலைப் பக்கமிருந்து. இன்று முதல் கம்பெனி வாலிபால் டீமின் மேனேஜர். முழங்கால் போனவனுக்குக் கிடைக்கும் பதவி உயர்வு. சென்னையிலும் இங்கேயுமாக இத்தனை வருடம் சம்பளத்துக்குப் பந்தடித்தேன். இனி சம்பளத்துக்கு உட்கார வேண்டும். கொடுத்தவை: விசில், தொப்பி, பிளாஸ்டிக் நாற்காலி.
அட்மின் ஆபீசர் சொன்னது: மாதக் கடைசிப் போட்டியில் கப் இல்லையென்றால் டீம் கலாஸ், கலைத்துவிடுவார்கள். பையன்கள் ஸ்டோர் டூட்டியை விட்டு எண்ணெய் டாங்க் சைட்டுக்கு. கோடை வருகிறது.

6.3, திங்கள்
பிராக்டிஸ். பின்வரிசையில் சேவியருக்கும் புது ஆள் பாண்டிக்கும் நடுவே பந்து. எடுக்க வேண்டியவன் பேரை மற்றவன் கூப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். சேவியர் "அருளு" என்று கத்தினான். பாண்டி நின்றுவிட்டான். சேவியரும். பந்து நடுவில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை.
அருள் ஆடிய இடம் அது. ஜனவரியில் ஒரு காலை டூட்டிக்கு எழுப்பினோம், எழவில்லை. இருதயம் என்றார் டாக்டர். பெட்டியில் ஜெர்சியையும் வைத்து ஊருக்கு அனுப்பினோம். பேரை அனுப்ப மறந்துவிட்டோம்.

8.3, புதன்
மறுபடியும். சேவியர்: "ஆறு வருசமா கூப்பிட்ட பேருண்ணே. வாயி எங்கிட்ட கேக்காமலே சொல்லிருது."
நிர்வாக நடவடிக்கை: அருள் பேரைச் சொல்பவன் எல்லோருக்கும் ஷவர்மா வாங்கித் தர வேண்டும்.
பாண்டி தனியாக வந்தான். "அந்தப் பேரையே கூப்புடட்டும்ண்ணே. நான் ஓடிப்போயி எடுத்துக்கிறேன்."
"செத்தவன் பேருக்கு நீ என்னடா பதில் சொல்றது?"
"பந்துக்குத்தானண்ணே பதில் சொல்றேன்."
மறுத்துவிட்டேன். மேனேஜர் என்றால் மறுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.
முடி வெட்ட வேண்டும். சோப்பு தீர்ந்தது.

17.3, வெள்ளி
சேவியர் செலவில் இருமுறை ஷவர்மா. அதற்குப் பிறகு பேர் இல்லை. எந்தப் பேருமே இல்லை. ஷூ உரசும் சத்தம் மட்டும். அட்மின் ஆபீசர் பார்த்துவிட்டு "டிசிப்ளின், வெரி குட்" என்றார்.
எனக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தப் பேர் நாக்கு நுனி வரை வருகிறது. அவனை அதிகம் கூப்பிட்டவன் நான். விசிலை வாயில் வைத்துக்கொள்கிறேன்.

31.3, வெள்ளி
பைனல், ஓமானிலிருந்து வந்த சலாலா டீமுடன். கடைசி செட், பதின்மூன்று பதினான்கு. மெதுவான பந்து, சேவியருக்கும் பாண்டிக்கும் நடுவே. சேவியர் வாய் திறந்தது. என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பாண்டி அவன் முகத்தையே பார்த்து நின்றான். பந்து விழுந்தது.
என் உத்தரவை ஒருவரும் மீறவில்லை.
பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது பாண்டி மட்டும்: "கூப்பிட்டிருந்தா போயிருப்பேண்ணே."

2.4, ஞாயிறு
கலாஸ். காலையில் பையன்கள் சைட் பஸ் ஏறினார்கள். எனக்கு ஆபீசில் மேசை. தோற்ற நிர்வாகிக்கு நல்ல அனுபவம் இருக்குமாம்.

7.4, வெள்ளி
ஈரக் காற்று. லுங்கி, சட்டை துவைத்தேன், காயவில்லை. லீவு நாள், மாலை பையன்கள் கேம்ப்புக்குப் பின்னால் வலை கட்டி ஆடுகிறார்கள். என்னை அழைக்கவில்லை. ஜன்னலைச் சாத்தியும் கேட்கிறது.
சேவியர் குரல். "அருளு."
உடனே, கைகளில் பந்து பட்ட சத்தம்.
எட்டிப் பார்க்கவில்லை.