வேனில் ஒரு சீட்டு காலி

மைசூர்
6.5.1988

சாந்தாவுக்கு அம்மா எழுதுவது.

வந்து சேர்ந்தோம். சோறு பரவாயில்லை. மனசு மாறும் என்று நீதான் ஏற்றிவிட்டாய். எனக்கு இங்கே கால் தரிக்கவில்லை. உன் அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, பிருந்தாவனத்தில் கலர் தண்ணி பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

டூர்காரர் நாராயணப்பன் விடியும்போதே கதவைத் தட்டுகிறார். டிக்கெட்டில் சேராத இடங்களுக்குத் தனி வேன், தனிக் காசு. கன்னடத்தில் கேட்டார், தெரியாது என்று தலையாட்டினேன். தெலுங்கில் கேட்டார், அதுவும் தெரியாதவள் மாதிரி இருந்தேன். எல்லையோரத்துச் சூளகிரிக்காரிக்கு மூன்று பாஷையும் வரும் என்று அவருக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்தார்.

"ஏம்மா, செவுத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒரு சீட்டு காலியா இருந்தாலும் வேன் எடுக்கமாட்டேன். உங்களால எல்லாரும் நிக்கறாங்க."

கூட வந்த சரசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியும் நான் போகவில்லை.

ஒன்று மட்டும். ஆணியில் அப்பாவின் கம்பெனி சட்டை இருக்கிறது, கடைசி ஷிப்டு முடிந்து வந்து மாட்டியது. துவைத்துவிடாதே. அவர் வாசம் அதில் இன்னும் இருக்கிறது. அதற்காகத்தான் வீட்டுக்கு வரப் பறக்கிறேன்.

உன் அம்மா
கெம்பம்மா

சூளகிரி
9.5.1988

அம்மா,

உன் கடிதம் வந்தது. நாராயணப்பன் மேல் கோபப்படாதே. அம்மாவை ஒரு இடத்தில் உட்காரவிடாதீங்க, எங்கேயாவது இழுத்துக்கிட்டுப் போங்க என்று அவரிடம் சொன்னது நான்தான்.

சட்டையை நீ கிளம்பின அன்றைக்கே துவைத்து ஆஞ்சப்பன் மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். அதை முகத்தில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாய். நீயும் போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்.

சாந்தா

மைசூர்
13.5.1988

சாந்தா,

திட்டமாட்டேன். உன் பயம் புரிகிறது. ஆஞ்சப்பனுக்கு அந்தச் சட்டை தோளில் பிடிக்கும், ஆள் பெரிசு.

உன் கடிதத்தைப் படித்தபின் அறையில் இருக்க முடியவில்லை. நேற்று சீரங்கப்பட்டணம், இன்று சோமநாதபுரம். என்ன பார்த்தாய் என்று கேட்காதே. வேன் ஓடும்போது பரவாயில்லை, நின்றால்தான் வீட்டில் அந்த வெறும் ஆணி கண்ணுக்கு முன்னால் வருகிறது. சரசம்மா இப்போது பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் நிற்காதே. எல்லாரும் இறங்குவார்கள், நான் இருக்கமாட்டேன். வேறு கூட்டத்தோடு தர்மஸ்தலத்துக்கு வண்டி போகிறதாம். நாராயணப்பன் தயங்கித் தயங்கித்தான் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் பேரைக் கொடுத்துவிட்டேன்.

அம்மா