சிவப்புப் பெட்டிக்குச் சந்தனம்

இன்று காலை ஓர் அச்சகத்துக்குப் போகவேண்டிய கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தேன். சிப்பின் சூட்டை இழுத்து மேலே விசிறிக்குக் கடத்துகிற வெள்ளைப் பசையைப் பிதுக்கும்போது, கடைப் பணியாள் கேட்டார்: "சந்தனம் போதுமாண்ணே?"

அவருக்கு உன்னைத் தெரியாது. அந்தப் பசைக்குச் சந்தனம் என்று பேர் வைத்தது நீதான் என்பதும் தெரியாது. இன்று சிவகாசியில் கம்ப்யூட்டர் கழற்றுகிற எல்லோருக்கும் அது சந்தனம்தான்.

தெருவுக்கு இந்தப் பக்கம் என் கடை, எதிரே உன் கடை. நான் நீலப் பெட்டி கம்பெனியின் சிப்பை விற்றேன், நீ சிவப்புப் பெட்டி. எவன் சிப் வேகம் என்று எங்கோ அந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் அடித்துக்கொண்டதை, நாம் காலண்டர் சீசன் முழுக்க டீக்கடையில் அடித்துக்கொண்டோம். கிகாஹெர்ட்ஸ் என்கிற வேக எண் பெரிதாக இருந்தால் எனக்கு வியாபாரம் முடிந்துவிடும். நீ விடுகிற ஆளா? என் கடைக்குள் வந்து, என் வாடிக்கையாளரான பட்டாசு முதலாளியிடமே சொன்னாய்: "அண்ணாச்சி, கிகாஹெர்ட்ஸ்ங்கிறது திரி எரியுற வேகம். உள்ள மருந்து எம்புட்டுன்னு கேட்டீகளா?"

அவர் ரசித்துச் சிரித்தார். ஆனாலும் என்னிடம்தான் வாங்கினார். உன் சிப் சூடாகும் என்று ஊருக்குள் பேச்சு. பட்டாசு ஊரில் சூடாகும் என்று பேரெடுத்த சாமான் விலைபோகுமா? ஆபீஸ் மேஜைக்கும் வெடிமருந்து அறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். உன் கடைக்கு வந்தவர்கள் ஓடுகிற கம்ப்யூட்டர் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள், என் கடைக்கு வந்துவிடுவார்கள்.

பிறகு சிவப்புக் கம்பெனி படுத்தது. சொந்த ஆலையையே கைகழுவிவிட்டு, சிப்பை வெளியே கொடுத்துச் செய்துவாங்க ஆரம்பித்தது. மெஷின் இல்லாதவன் அச்சகம் நடத்துகிற கதை என்று சிரித்தேன்.

"சிரிலே. டிசைன் இவன் கையில. எவன்கிட்ட நல்ல மெஷின் இருக்கோ அவன்கிட்ட அடிச்சுக்கிடுவான். திருத்தங்கல்ல பாதிப் பேரு அப்படித்தான பொழைக்காங்க? முந்துவான் பாரு."

முந்தினால் என் கடை வாசலில் சிவப்புப் பெட்டியை வைக்கிறேன் என்றேன்.

"வச்சா மட்டும் பத்தாது. எம்மூஞ்சியப் பாத்து, தோத்தேம்லேன்னு சொல்லணும்."

சரக்கு நகராமல் ரிப்பேர் வேலையில் காலத்தை ஓட்டினாய். நீலத்துக்கு மட்டும் மாறவில்லை. விற்காத சரக்கை விட்டுவிட்டு விற்கிற சரக்குக்குப் போகிறவன் நான். உன் பிடிவாதம் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பொங்கல் கழிந்த வாரம் நெஞ்சுவலி என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் நீ விருதுநகரைக்கூடத் தாண்டவில்லை. வீட்டில் உன் நெற்றிக்குச் சந்தனம் வைக்கச் சொன்னார்கள். வைக்கும்போது என் புறங்கை பட்டது. சூடே இல்லை.

அதற்கப்புறம்தான் எல்லாம் நடந்தது. நீலக் கம்பெனி தன் சொந்த ஆலையில் சிப்புக்குள் ஓடும் கோடுகளை இன்னும் பொடிசாக்க முடியாமல் வருஷக்கணக்கில் திணறியது. சிவப்பு, வெளி ஆலையில் அந்தக் கோடுகளின் நானோமீட்டர் அளவைக் குறைத்துக் குறைத்து அடித்து வாங்கி முந்திவிட்டது. நீ சொன்ன அதே வழியில். இப்போது என் கடையிலேயே சிவப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறார்கள். மதியம் வந்த அச்சகக்காரர் பெட்டியில் புறங்கையை வைத்துவிட்டு, "சூடே இல்லியே அண்ணாச்சி" என்று சந்தோஷப்பட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

வாசலில் சிவப்புப் பெட்டியை வைத்து நாளாகிறது. அதன் முகம் உன் கடையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

வந்த சரக்கெல்லாம் வந்த விலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீ கேட்ட அந்த ஒரு சொல் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் நீ ஒருவன்தானே.