சிரிக்கப் பயந்தவளுக்கு

மேனாம்பேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரேகாவுக்கு,

ஜெகதீசன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். தஞ்சாவூரில் நீயும் உன் எழில் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எழும்பூரில் ரயில் கிளம்பும்போது, “போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டா எனக்குச் சந்தோஷம் வந்துடும்” என்றாய். இப்படி ஒரு காரணத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதனால்தான் கடிதம். அக்காவிடம் தினமும் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், பேசத்தான் மாட்டேன் என்கிறாய் என்றார்.

வீட்டில் மோட்டார் பழுதாகி லாரித் தண்ணீர்தான் பிடிக்கிறோம். கம்பெனியில் என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். உனக்குச் சிரிப்பு வரும்படி எதுவும் எழுதிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஆனால் அந்த நாளைப் பற்றி எழுதாமல் முடியவில்லை. அம்மா கோயிலிலிருந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டுமே இடது கால் செருப்பு. நீ பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சாயங்காலம் வலி என்றாய். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, வெறும் வாயுதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். அது உன் காதில் விழவே இல்லை. ஆட்டோவில் வரும்போது, “சிரிச்சேன், பாத்தியா” என்று மட்டும் சொன்னாய். மறுநாளே அக்காவை வரவழைத்துக் கிளம்பிவிட்டாய்.

நமக்குள் சண்டை என்றுதான் அம்மா நினைத்தாள். “இன்னாடா பண்ண அவள? மாசமா கீற பொண்ண அனுப்பிட்டு வந்து நிக்கிற” என்று திட்டினாள். சிரித்ததால்தான் வலி வந்தது என்று நீ பயந்துபோனதைச் சொன்னேன். “எம் மேலதான்டா தப்பு. அந்தச் செருப்ப நான் போட்டுகினு வந்திருக்கக் கூடாது” என்றாள். இப்போது கோயிலுக்கு வெறுங்காலோடு போகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

போன வருஷம் தெரு முழுக்க லட்டு கொடுத்தோம், அந்த வாரமே குழந்தை போய்விட்டது. லட்டு கொடுத்ததால் போகவில்லை என்பது உனக்கும் தெரியும். உன் பயத்துக்குத்தான் தெரியவில்லை. நீ சுமந்த அந்த ஐந்து மாதமும் நம்மை ஏமாற்றிய காலம் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ரேகா. நீ மாங்காய் கேட்டதும், கடையெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் எதிர்வீட்டு மரத்தில் நான் ஏறியதும், உப்பைத் தொட்டுத் தொட்டு நீ தின்றதும் நடந்தவைதானே. குழந்தை போனது. அவை போகவில்லை. சந்தோஷம் என்றால் அவ்வளவுதானோ என்னவோ. இதைப் படித்தால் நீ தாங்குவாயா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

உன் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. உடன் வேலை பார்க்கும் கஜபதி நேற்று என்னிடம், “இன்னா மாமே, ஊட்ல ஏதாச்சும் விசேஷமா?” என்று கேட்டார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டேன். மெஷின் பக்கம் திரும்பியதும்தான் உறைத்தது. இருக்கிற பிள்ளையை இல்லை என்று என் வாயால் சொல்லிவிட்டேனே. திரும்பிப் போய் இருக்கிறது என்று சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம். ஷிப்ட் முடியும்வரை அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தேன்.

உன்னை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தால் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுவாய் என்று பயப்படுகிறவளிடம் எப்படி வருவேன்? நீயாக வரும்போது வா. வளைகாப்பு வேண்டாம். யாருக்கும் சொல்ல வேண்டாம். மாத்திரையை மட்டும் விடாதே. பிள்ளை அசைகிறதா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. நல்ல செய்தி என்று நினைத்துச் சொல்லாதே, தகவலாகச் சொல். நானும் தகவலாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தின் முடிவில் சந்தோஷமாக இரு என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதவில்லை. இரு, ரேகா. இரண்டு பேரும் இருங்கள்.

உன்,
ஜெகதீசன்