பின் சீட்டு விளக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். இந்த வரியை நம்பலாம், ஆனால் கடைசி வரை படித்துவிட்டு நம்பு. உன் இருமல் விட்டதா? போன வாரம் போனில் நீ பேசியதைவிட இருமியதைத்தான் அம்மா கவனித்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்கு நானே காரை ஓட்டிவந்து உன்னை அழைத்துப்போவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்குள் வண்டியைச் சரிசெய்ய இறங்கினேன். சில மாதங்களாகக் காருக்குள் விளக்கு மங்கல். சீட் பெல்ட்டைத் தடவித் தடவித்தான் மாட்டினேன். பல்புக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன். முன்னது எரிந்தது. பின்னது எரியவில்லை. ஃப்யூஸைப் பார்த்தேன், கம்பியை ஆட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, திருப்பிப் போட்டுத்தான் பாருங்களேன் என்றாள். எரிந்தது. பழைய பல்பை எப்படிப் போட்டாலும் எரியும், இதற்கு ப்ளஸ் மைனஸ் பார்க்க வேண்டுமாம். உள்ளே வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு, வாயைத் திறக்கணுமா என்று கேட்டாள்.

பின் விளக்கின் மூடியைக் கழற்றியபோது நீதான் நினைவுக்கு வந்தாய். நீச்சல் வகுப்பு முடிந்து திரும்பும் மாலைகள். அந்த மஞ்சள் வெளிச்சம், ஈரத்தலை, மடியில் நூலகப் புத்தகம். நீ படித்த புத்தகமெல்லாம் ஓரத்தில் உப்பியிருக்கும். கண்ணாடியில உன் மூஞ்சிதான் தெரியுது, ரோடு தெரியல, அணைச்சுத் தொலை என்று கத்துவேன். ஒரே ஒரு பக்கம்ப்பா என்பாய். அந்த ஒரு பக்கம் வீட்டு வாசல் வரை நீளும். கத்தினேனே தவிர, ஒருநாளும் நான் கைநீட்டி அணைத்ததில்லை. மூடிக்குள் இரண்டு செத்த பூச்சிகள், சூட்டில் பழுத்த ஒரு வட்டம். துடைக்க மனம் வரவில்லை. துடைத்தேன்.

மறுநாள், கதவெல்லாம் சாத்தின பிறகும் லைட் லேசா எரியுதே என்றாள் அம்மா. எனக்கு எதுவும் தெரியவில்லை. உனக்குப் பிரமை என்றேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள், அவளை அக்கா என்று அழைக்கும் அந்த மீசைக்காரர்தான். அவர் உள்ளே குனிந்து, ஆமாக்கா, மினுக்குன்னு இருக்கு, கொஞ்சூண்டு கரண்ட் கசியும், பழைய பல்புக்கு அது பத்தாது, இதுக்கு அதுவே போதும் என்றார். சாருக்குத் தெரியுதா என்றார். தெரியுதே என்றேன். எது, முன்னாடியா பின்னாடியா என்று கேட்டாள் அம்மா. முன்னாடி என்றேன்.

பின்னதுதான் எரிந்துகொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் எதையோ தேடுவதுபோல் தன் வண்டிக்குப் போனார். அம்மா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். கூடவே இன்னொன்றையும் சொன்னேன். போன மாதம் தபால் நிலைய வளைவில் ஒரு சைக்கிள் நம் காரை உரசிப்போனது, அவர் விளக்கில்லாமல் வந்தார் என்று உன்னிடம் சொன்னேனே. விளக்கு இருந்திருக்கலாம். அவருக்கு அடியில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

காரின் கோளாறு, கசியும் கரண்டை வாங்கிக்கொள்ள அவர் மாட்டிய ஒரு சின்ன ரெசிஸ்டரில் சரியாகிவிட்டது. என்னுடையது கண்புரை, இரண்டு கண்ணிலும். வரும் புதன்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேஷன். எளிதுதான் என்கிறார் டாக்டர், அதற்காக லீவு போட்டு ஓடிவராதே. அம்மா பல வருடம் கழித்து மறுபடி ஓட்டிப் பழகுகிறாள். சார் பக்கத்துல உட்கார்ந்தா வண்டியை ரெண்டு பேர் ஓட்டுவாங்க, பின்னாடி அனுப்பிடுங்க என்று எலக்ட்ரீஷியன் யோசனை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இருட்டத் தொடங்கியது. உன் இடத்தில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, டாக்டர் கொடுத்த தாளை மூக்கருகே பிடித்தேன். அணைங்க, ரோடு தெரியல என்றாள் அம்மா. ஒரே ஒரு பக்கம் என்றேன்.

அவளும் கைநீட்டவில்லை.

நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. இருமலுக்கு டாக்டரைப் பார், அப்படியே கண்ணையும் காட்டு, மறக்காதே. நீ வரும் அன்று முன் சீட்டு உனக்கு.

பின் சீட்டிலிருந்து,
உன் அப்பா