கடைசிப் பக்கத்தில் சத்தமில்லாதவன்

புத்தகம் வந்துவிட்டது. கிளிநொச்சிக் கடையில் சொல்லிவைத்து மூன்று மாதம். உறையைப் பிரித்தபோது புதுத் தாளும் பசையும் மணத்தன. எங்கள் பழைய பிரதி மண்ணெண்ணெய் மணக்கும். இடம்பெயர்ந்த நாட்களில் அரிசிப் பையின் அடியில் வைத்து அதைக் காவியவள் நீதான். கடைசிப் பக்கங்கள் எந்த இடத்தில் கழன்று விழுந்தன என்று இருவருக்குமே தெரியாது.

முடிவுப் பக்கங்கள் இல்லாத அந்த அமெரிக்க நாவலை எத்தனை தரம் வாசித்திருப்போம்! ஒரு பள்ளத்தாக்கு, ஒரு பெண், அவளையும் அவளது நிலத்தையும் விரும்பிய இரண்டு ஆண்கள். பெயர்கள் வாயில் நுழையாததால் ஒருவனைச் சத்தக்காரன் என்றோம், மற்றவனைச் சத்தமில்லாதவன் என்றோம். சத்தக்காரன் குதிரையில் வந்து வாசலில் நின்று மிரட்டுவான். மற்றவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைப்பான். யார் ஆபத்தானவன் என்று களை பிடுங்கும்போதுகூடச் சண்டை பிடித்தோம்.

"எடி, அவன் ஒருநாளாவது குரல் உயர்த்தினவனோ? அப்பிடியான மனுசன் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யான்" என்பாய்.

"கத்துறவன் என்ன செய்யப்போறான் எண்டு முன்னுக்கே தெரிஞ்சிடும். மற்றவன்ரை மனசுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்பேன். நீ விடமாட்டாய். நானும் விடமாட்டேன்.

எங்கள் வாய்க்கால் கரையிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். மணியண்ணை வயலை அழிக்க வரும் காட்டுப்பன்றிக்குக் கறண்ட் பாயும் கம்பி இழுப்பார். சட்டத்துக்கு விரோதமான அந்த வேலையையும் ஊருக்கே கேட்கச் செய்வார். பொழுதுபடும்போது வரம்பில் ஏறி நின்று, "கம்பி போட்டாச்சு! ஒருத்தரும் இறங்காதேங்கோ!" என்று கத்துவார். அவரை எல்லோரும் திட்டினோம். ஆனால் அவருடைய சத்தத்தை வைத்துத்தான் எல்லோரும் நடந்தோம். அது கேட்டால் கம்பி இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. மற்றவர் கிழக்கு வயல்காரர், மெல்லிய குரல்காரர். அவரும் கம்பி இழுக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. அவ்வளவு மரியாதையான மனிதர்.

அந்தச் சிறுபோகத்தில், உன் தண்ணீர் முறைக்கு முதல் நாள், மணியண்ணை வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மாலையில் சத்தம் கேட்கவில்லை. நீ நிம்மதியாக இருந்திருப்பாய். நான் மட்டும் வயலால் திரும்பும்போது கிழக்கு வயல்காரர் தன் வயலில் குனிந்து தடி ஊன்றிக் கம்பி கட்டுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடியக் கிழக்கு வயலால் மடை திறக்கப் போன நீ திரும்பி வரவில்லை.

பொலிஸ் வருவதற்குள் கம்பி காணாமற் போயிருந்தது. ஊர் மணியண்ணையில்தான் பழி போட்டது. கம்பி என்றால் அவர்தானே. அவர் அன்று ஊரிலேயே இல்லை என்பது யார் காதிலும் ஏறவில்லை. என்னிடமும் கேட்டார்கள். "எனக்கொண்டும் தெரியாது" என்றேன். பயம்தான், வேறொன்றுமில்லை. உன் செத்தவீட்டில் வந்தவர்கள் இருக்கக் கதிரை இறக்கி அடுக்கியவர் கிழக்கு வயல்காரர். மணியண்ணை அதன்பின் கம்பி இழுக்கவுமில்லை, கத்தவுமில்லை. நாவலில் நான் சத்தக்காரன் பக்கம் நின்றேன். உன் விஷயத்தில் நானே சத்தமில்லாதவளாக இருந்தேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

இன்று மத்தியானம் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். சத்தக்காரனைக் கொலைப் பழியில் தூக்கில் போடுகிறார்கள். சத்தமில்லாதவன் தன் வீட்டு முன்விறாந்தையில் இருந்து கோப்பி குடிக்கிறான். அவனை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால், "பாத்தியா, அவன் நல்லவன்தான்" என்று கை தட்டியிருப்பாய்.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தபோது கிழக்கு வயல்காரர் சைக்கிளில் போனார். பின்னால் உரப்பை. அதன் வாயால் கம்பிச் சுருள் தெரிந்தது. நாளை விடியத் தண்ணீர் முறை உன் மகள் வதனிக்கு.

நேரே அவளிடம் ஓடினேன். "கம்பியோ? மணி மாமா கத்தேல்லையே, அன்ரி" என்றாள். அவர் கத்துவதை விட்டபிறகும் அவள் அந்தச் சத்தத்தைத்தான் நம்பியிருந்தாள், உன்னைப் போல. நாளைக்கு இறங்கமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். விடிந்ததும் இருவருமாகப் பொலிசுக்குப் போவோம். அன்று நான் கண்டதையும் அங்கே சொல்லப்போகிறேன்.

பிறகு வரம்பில் ஏறி நின்று கத்தினேன். "கிழக்கு வயலில கம்பி கிடக்குது! ஒருத்தரும் இறங்காதேங்கோ!" வாய்க்கால் நெடுக ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மணியண்ணையும் தன் வீட்டுப் படலையடிக்கு வந்து நின்றார்.

கிழக்கு வயல்காரர் தன் வீட்டு விறாந்தையில் இருந்து எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு என்னருகே வந்தார்.

"ஏன் அக்கா கத்துறியள்?" என்றார், வழக்கமான அதே மெல்லிய குரலில். "தனிய இருக்கிற மனுசி நீங்கள். என்னட்டை மெதுவாச் சொன்னாப் போதாதோ?"

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கத்தியதில் தொண்டை எரிகிறது. நாளை மாலையும் கத்துவேன்.